புகை எங்கே போகிறது?



"வெயில் நேற்றா பிறந்தது, சாமி? எங்கள் பாட்டன் காலத்திலும் புயல் அடித்தது, பஞ்சம் வந்தது, கடல் சீறியது. இப்போது மட்டும் காலநிலை மாற்றம் என்று ஏன் இத்தனை பேச்சு?" என முதியோர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. இதனைக் கேலியென்று ஒதுக்குதல் தகாது. நெடுங்காலம் வானத்தையும் கடலையும் பார்த்து வாழ்ந்தவர்கள் கேட்கும் கேள்வி இது. அறிவியலார் அளந்து கண்ட உண்மைகளைக் கொண்டு, இல்லத்தில் உள்ள அனைவருக்கும் விளங்குமாறு, இதற்கு விடை கூற இம்மாதம் முற்படுகிறோம்.

வானிலை வேறு, காலநிலை வேறு

இன்று வெயில், நாளை மழை என்பது வானிலை. ஓரிடத்தில் முப்பது ஆண்டுகள் போன்ற நெடுங்காலத்தில் வெயிலும் மழையும் காற்றும் நடந்துகொண்ட பொதுப்போக்கே காலநிலை. ஒருவர் ஒரு நாள் சினம் கொள்வது வேறு; சினமே அவருடைய குணமாகிவிடுவது வேறு அல்லவா? புயலும் பஞ்சமும் முன்னாளிலும் வந்தன என்பது உண்மையே. இன்று மாறிக்கொண்டிருப்பது பூமியின் குணம்.

எவ்வளவு மாறியுள்ளது? 1850 முதல் 1900 வரையிலான காலத்தின் சராசரியைவிட 2024-ஆம் ஆண்டில் உலகின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 1.55 பாகை செல்சியஸ் மிகுந்திருந்ததாக உலக வானிலை அமைப்பு கணித்துள்ளது. அளவீடு தொடங்கிய நாள்முதல் 2024 வரை கண்ட ஆண்டுகளிலேயே வெப்பம் மிக்க பத்து ஆண்டுகள் 2015 முதல் 2024 வரையிலான பத்துமேயாகும்.

"ஒன்றரைப் பாகைதானே? விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே பத்துப் பாகை ஏறி இறங்குகிறதே!" என்று யாரேனும் கூறலாம். ஓர் ஊரில் ஒரு நாளில் ஏறி இறங்குவதன்று இது. நிலம், கடல், துருவம் அனைத்தையும் சேர்த்து எடுத்த ஆண்டுச் சராசரி. அச்சராசரியில் ஓரிரு பாகைக்கு என்ன வலிமை உண்டென்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். இன்றைக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியூழி உச்சத்தில் இருந்தது. அப்போது உலகின் சராசரி வெப்பம் ஐந்தாறு பாகை மட்டுமே குறைவு. அந்த ஐந்தாறு பாகைக் குறைவினால் கனடா நாட்டின் பெரும்பகுதி கிலோமீட்டர் கணக்கான தடிப்புள்ள பனிப்பாளத்தின் கீழ்க் கிடந்தது. நீரெல்லாம் பனியாக உறைந்து நின்றமையால் கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக் நீரிணை அன்று வறண்ட தரை. இராமேசுவரத்திலிருந்து மன்னாருக்குக் கால் நனையாமல் நடந்தே போயிருக்கலாம். ஐந்தாறு பாகைக்குக் கடலையே பின்வாங்கச் செய்யும் ஆற்றல் உண்டெனின், ஒன்றரைப் பாகையை அற்பம் எனலாமா?

பூமியைப் போர்த்திய போர்வை

இவ்வெப்பம் எங்கிருந்து வந்தது? மார்கழி மாதத்தில் வானம் தெளிந்துள்ள இரவில் பனி கொட்டுகிறது. மேகம் மூடிய இரவிலோ புழுங்குகிறது. பகலில் வாங்கிய வெப்பத்தைப் பூமி இரவில் வானவெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. மேகம் அதில் ஒரு பகுதியைத் தடுத்து மீண்டும் தரைக்கே தருகிறது. நாம் யாவரும் உடம்பால் உணர்ந்த செய்தி இது.

மேகம் செய்யும் இவ்வேலையைக் கண்ணுக்குத் தெரியாத சில வாயுக்களும் இரவு பகலாகச் செய்கின்றன. காற்றில் 99 விழுக்காடு நைட்ரசனும் ஆக்சிசனும் ஆகும். அவை இரண்டும் வெப்பத்தைத் தடுப்பதில்லை. மிகச் சிறு அளவில் கலந்துள்ள நீராவி, கரியமில வாயு, மீத்தேன் முதலியனவே சூரிய ஒளியை உள்ளே விட்டு, பூமி திருப்பியனுப்பும் வெப்பத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. இப்போர்வை ஒரு நன்மையே. அது இல்லையேல் பூமியின் சராசரி வெப்பம் சுழியத்துக்கும் கீழே 18 பாகையாக இருந்திருக்கும், கடல்கள் உறைந்திருக்கும். போர்வை இருப்பதால் அது ஏறத்தாழ 15 பாகை. ஆயினும், பனிக்கு ஒரு போர்வை போதுமான குழந்தைக்கு மூன்றைப் போர்த்தினால் என்ன ஆகும் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

இது அண்மையில் யாரோ கட்டிவிட்ட கதை என்று எண்ணுதல் தவறு. காற்று மண்டலம் பூமியின் வெப்பத்தைக் காக்கிறது என்னும் கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1824-இல் வெளியிட்டார். 1856-இல் யூனிஸ் ஃபுட் என்னும் அமெரிக்கப் பெண்மணி கண்ணாடி உருளைகளில் பலவகை வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு அடைத்த உருளையே மிகுதியாகச் சூடேறியதையும், நெடுநேரம் ஆறாதிருந்ததையும் கண்டு எழுதினார். 1859-இல் ஜான் டிண்டல் என்னும் அறிஞர் இதனை ஆய்வுக்கூடத்தில் நுணுக்கமாக அளந்தார். நிலக்கரி எரிப்பதனால் காற்றில் கரியமில வாயு இருமடங்கானால் உலகம் எத்தனை பாகை சூடேறும் என்று ஸ்வீடன் நாட்டு அரீனியஸ் 1896-இலேயே கணக்கிட்டார். மின்விளக்கு பல ஊர்களுக்கு வராத அக்காலத்திலேயே இவ்வுண்மை எழுத்தில் ஏறிவிட்டது.

குளத்துக் கணக்கு

வீட்டு அடுப்பின் புகை கூரையைத் தாண்டியதும் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆலைப் புகையும் அப்படியே. மறைந்தது போய்விட்டது என்று மனிதர் எண்ணினர். அது உண்மையில் எங்கே போகிறது?

1958-ஆம் ஆண்டு சார்லஸ் கீலிங் என்னும் அமெரிக்க அறிஞர் பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவில் மவுனா லோவா என்னும் எரிமலைச் சரிவில், நகரப் புகை அண்டாத உயரத்தில், காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து இலட்சம் பங்கு காற்றில் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. கீலிங் 2005-இல் மறைந்த பின்னும் அளவீடு தொடர்கிறது. 2024-ஆம் ஆண்டின் சராசரி 424-ஐத் தாண்டிவிட்டது. அன்டார்க்டிகாவின் பனியை ஆழத் துளைத்து, அதில் சிறைப்பட்டுள்ள பழங்காலக் காற்றுக் குமிழிகளை ஆராய்ந்தபோது, தொழிற்புரட்சிக்கு முன் இவ்வளவு ஏறத்தாழ 280 என்றும், கடந்த 8 இலட்சம் ஆண்டுகளில் ஒருமுறையேனும் இன்றைய அளவை நெருங்கியதில்லை என்றும் தெரியவந்தது.

இதனை ஒரு குளத்துக்கு ஒப்பிடலாம். வரத்துக்கால் வழியே நீர் வருகிறது. மறுகால் வழியே வழிந்து போகிறது. வரத்தும் போக்கும் சமமாக உள்ளவரை குளத்தின் மட்டம் மாறாது. மரஞ்செடிகளும் கடலும் கரியமில வாயுவை உட்கொள்வதும், உயிரினங்கள் மூச்சாலும் மக்குவதாலும் அதை வெளிவிடுவதும் இவ்வாறே சமமாக நடந்துவந்தன. இடையில் மனிதர் புதியதொரு வரத்துக்காலை வெட்டினர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுள் புதைந்த மரஞ்செடிகளும் நுண்ணுயிர்களுமே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும், பிற சுரங்கங்களின் கரியும், பெட்ரோலும், டீசலும். அவ்வளவு காலம் சேர்ந்ததை இருநூறு ஆண்டுகளில் தோண்டி எரிக்கிறோம். இன்று உலகம் இவ்வழியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. காடுகளை அழிப்பதால் வருவது தனி. மரங்களும் கடலும் தம்மால் இயன்றவரை இதில் பாதியளவை உட்கொள்கின்றன; எஞ்சிய பாதி காற்றிலேயே தங்கிவிடுகிறது.

குளத்துக் கணக்கில் பலர் மறக்கும் பகுதி ஒன்றுண்டு. வரத்தைச் சிறிது குறைத்தால் மட்டம் இறங்கிவிடாது. வரத்து போக்கைவிட மிகுந்திருக்கும்வரை மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்; ஏறும் வேகம் மட்டுமே குறையும். மேலும், காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் ஒரு பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் நீங்காது. நம் பாட்டனார் பிறப்பதற்கு முன் இங்கிலாந்தில் எரிந்த நிலக்கரியின் ஒரு பகுதி இன்றும் நம் தலைக்கு மேலே நிற்கிறது. இன்று நாம் எரிப்பதில் ஒரு பகுதி நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் தலைக்கு மேலே நிற்கும். புகை போகும் இடம் இதுவே.

"சூரியனே சூடேறியிருக்கலாகாதா? எரிமலைகள் கக்கியதாக இருக்கலாகாதா?" என்று சிலர் ஐயுறுகின்றனர். ஐயம் நல்லதே; அறிவியலாரும் அதனை ஆராய்ந்துள்ளனர். எரிமலைகள் ஆண்டுதோறும் வெளிவிடும் கரியமில வாயு மனிதர் வெளிவிடுவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சூரியனின் ஒளியை 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவருகின்றன. இவ்வெப்பத்துக்கு ஈடான ஏற்றம் அதில் இல்லை. சூரியன் காரணமாயின் காற்று மண்டலத்தின் மேலடுக்கும் சூடேற வேண்டும். அதுவோ குளிர்கிறது, கீழடுக்கு மட்டும் சூடேறுகிறது. வெப்பத்தைக் கீழேயே பிடித்து வைக்கும் போர்வைக்குரிய அடையாளம் அது. இன்னொரு சான்றும் உண்டு. உயிருள்ள மரஞ்செடிகளில் கதிரியக்கக் கரி சிறிதளவு உண்டு. கோடியாண்டு புதைந்த நிலக்கரியில் அது முற்றும் அழிந்துபோயிருக்கும். காற்றில் சேர்ந்துவரும் கரியமில வாயு இக்கதிரியக்கக் கரி இல்லாத பழைய கரியிலிருந்தே வருகிறது என்பதை அளவீடுகள் காட்டுகின்றன. கைரேகை பதிந்ததுபோல் இது மறுக்க இயலாத சான்று.

கடல் சுமக்கும் சுமை

போர்வைக்குள் சிக்கிய மிகை வெப்பம் முழுவதும் காற்றிலேயே தங்கியிருப்பின் மனிதர் வாழ்வு என்றோ முடிந்திருக்கும். அதில் நூற்றில் தொண்ணூறு பங்குக்கும் மேல் கடல் வாங்கிக்கொண்டது. நமக்காகச் சுமக்கும் கடல், அச்சுமையால் தானும் மாறுகிறது.

சூடேறிய நீர் விரிகிறது. துருவத்திலும் மலைகளிலும் உருகிய பனி அதனோடு சேர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் உலகக் கடல்களின் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது. அதில் ஏறத்தாழ பாதி 1993-க்குப் பின் ஏறியது. இந்தியப் பெருங்கடலின் வெப்ப மண்டலப் பகுதி 1951 முதல் 2015 வரையில் ஏறத்தாழ 1 பாகை சூடேறியதாகவும், இது உலகக் கடல்களின் சராசரியைவிட மிகுதி என்றும் இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

நம் கடலோரக் குடும்பங்கள் இதனை வலையிலேயே கண்டன. மலபார்க் கடலுக்கே உரியதாக முன்னர்க் கருதப்பட்ட சாளை மீன், பின்னாளில் வடக்கு நோக்கியும் கீழைக் கடற்கரையிலும் பரவியது. மேல்மட்டத்தில் திரிந்த அயிலை ஆழம் நோக்கி இறங்கியது. மீனுக்கு எல்லைக்கோடு கிடையாது. தனக்கு ஏற்ற குளுமையைத் தேடிப் போகிறது. படகுக்கோ டீசலும் கடனும் உண்டு. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகள் 2010-லும் 2016-லும் கடல்நீர் மிகச் சூடேறியதால் வெளுத்து, பெருமளவில் மடிந்தன. மீன்குஞ்சுகளுக்குப் பவளப் பாறையே தொட்டில். தொட்டில் அழிந்தால் ஓரிரு ஆண்டுகளில் வலை மெலியும்.

புயலுக்கும் உணவு கடலின் வெப்பமே. அரபிக்கடல் முன்னாளில் வங்கக் கடலைவிட அமைதியானதாகப் பெயர் பெற்றிருந்தது. 1982 முதல் 2000 வரை அங்கே உண்டான புயல்களைக் காட்டிலும் 2001 முதல் 2019 வரை உண்டானவை 52 விழுக்காடு மிகுதி என இந்திய ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். தாழ்வு மண்டலமாய் இருந்தது ஓரிரு நாளுக்குள் கடும்புயலாக மாறுவதும் இப்போது அடிக்கடி நிகழ்கிறது.

இதன் பொருள் என்ன என்பதைக் குமரி மாவட்டம் 2017-இல் கண்டது. நவம்பர் 29 அன்று இலங்கையின் தென்கிழக்குக் கரையை ஒட்டி இருந்த தாழ்வு மண்டலம், மறுநாளே ஒக்கி என்னும் புயலாகிக் குமரிமுனையை அடுத்த கடலைக் கலக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் ஆண்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள். கரைக்கு எட்டிய செய்தி அவர்களது படகுகளுக்கு எட்டவில்லை; எட்டியவர்களுக்கும் திரும்பி வருவதற்குப் பொழுதில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். உடல் கிடைக்காத வீட்டில் அழுவதா, காத்திருப்பதா? ஏழாண்டுகள் செய்தியற்றுப் போனவரையே இறந்தவராகக் கொள்வது சட்டத்தின் பொதுவிதி. அவ்விதிக்கு விலக்களித்துத்தான் அக்குடும்பங்களுக்கு உதவி வழங்க வேண்டியதாயிற்று. காலநிலை என்னும் சொல் ஏட்டில் மட்டும் உள்ளதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஒரே மண்ணில் வறட்சியும் வெள்ளமும்

"மழை பெய்யாவிட்டாலும் காலநிலை மாற்றம், மிகுதியாகப் பெய்தாலும் காலநிலை மாற்றமா?" என்று கேட்போர் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். ஆகவே மண்ணிலும் குளத்திலும் உள்ள ஈரத்தை அது விரைந்து உறிஞ்சுகிறது. கொட்டும்போதோ ஒரேயடியாகக் கொட்டுகிறது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போய், 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்குட்பட்டவை என அறிவிக்கப்பட்டன. ஏழாண்டுகூடக் கழியவில்லை. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது மிகுதி. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, ஊர்கள் தீவுகளாயின.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் நம் கடமை. இந்த ஒரு புயலும் இந்த ஒரு மழையும் காலநிலை மாற்றத்தினாலேயே உண்டாயின என விரல் நீட்டிக் கூறுதல் சரியன்று. சாலையில் வண்டிகளின் வேகம் கூடினால் விபத்துகள் பெருகும், காயங்களும் கொடியனவாகும். ஆயினும் ஒவ்வொரு விபத்துக்கும் வேகம் ஒன்றே காரணம் எனல் இயலாது. அதுபோலவே இதுவும்.

அன்றியும், எல்லாப் பழியையும் காலநிலையின்மீது சுமத்திவிட்டு நாம் தப்பித்தலும் ஆகாது. மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய தீவுகள் நீரில் மூழ்கியதற்கு, சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப் பாறைகளை வெட்டியெடுத்ததைப் பெருங்காரணமாகக் கூறுகின்றனர். கடலரிப்பைத் தடுக்க ஓர் ஊரில் தூண்டில் வளைவு கட்டினால் அடுத்த ஊரின் மணல் கரைந்துபோவதைக் குமரிக் கடற்கரையார் கண்கூடாகக் காண்கின்றனர். குளத்தை மேடாக்கி வீடு கட்டினால், சாதாரண மழையும் வெள்ளமாகும். கடல் உயர்ந்து மழை கொடுமையாகும் காலத்தில் இத்தகைய தவறுகளின் தண்டனை இரட்டிக்கிறது.

எரித்தவர் ஒருவர், எரிபவர் வேறொருவர்

இப்பொருளில் நம் உள்ளத்தைப் பெரிதும் உறுத்துவது இதுவே. தொழிற்புரட்சி முதல் இன்றுவரை நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றால் காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்க ஐக்கிய நாடு ஒன்றே வெளிவிட்டது. இன்றும் அங்கே ஆளொன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன். இந்தியாவில் ஏறத்தாழ 2 டன். நம் நாட்டிலும் அந்த இரண்டு டன் எல்லார்க்கும் சமமன்று. குளிரூட்டிய மாளிகையும் மூன்று மகிழுந்தும் உடையவர் வேறு. தூத்துக்குடி உப்பளத்தில் கால்மூட்டு உப்புநீரில் வேகக் குனிந்து உழைக்கும் தாய் வேறு. அவர் எரித்தது மிகக் குறைவு. அவர் உடம்போ நாள்தோறும் எரிகிறது.

மனித உடம்பு வியர்வை உலர்வதனால் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்து புழுக்கமானால் வியர்வை உலராது. உடம்பின் சூடு வெளியேறாது. அந்நிலையில் தொடர்ந்து உழைப்பவர் மயங்கி விழுவர். சிலர் மாண்டும் போவர். கடலோரத்தில் இது தனிப்பட்ட அபாயம். இரவிலும் தகரக் கூரை ஆறாவிட்டால், மறுநாள் உழைப்புக்கு உடம்பு தேறுவதற்கே வழியில்லை. புயல் எச்சரிக்கை வந்த நாளில் கடலுக்குப் போகாதவர்க்குப் பிழைப்பு இல்லை. போனவர்க்கு உயிருக்கு உறுதியில்லை.

செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குப் பட்டிருக்கும் இக்கடனை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். அவ்வாண்டு டிசம்பரில் பாரிசு நகரில் கூடிய நாடுகள், வெப்ப உயர்வை 2 பாகைக்கு வெகுவாகக் கீழே நிறுத்தவும், 1.5 பாகைக்குள் அடக்க முயலவும் உடன்பட்டன. 2070-க்குள், வெளியிடும் அளவும் உட்கொள்ளப்படும் அளவும் சமமாகும் நிலையை எய்துவதாக இந்தியா 2021-இல் அறிவித்தது. குளத்துக் கணக்கில் சொன்னால், வரத்தையும் மறுகாலையும் சமமாக்கும் நாள் அது. அந்நாள் எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவுக்குக் குளம் ஏறியே நிற்கும்.

நாம் செய்யத்தக்கன

ஓர் ஏழைக் குடும்பம் ஒரு விளக்கை அணைப்பதால் உலகம் குளிர்ந்துவிடும் என்று கூற நாம் வரவில்லை. அளவுக்கு மிஞ்சி எரிப்பவருக்கே முதற்பொறுப்பு. ஆயினும் வசதி பெற்ற குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்கள் தங்கள் கூரையில் சூரிய மின்தகடு பதிக்கலாம். பேருந்து போகும் இடத்துக்குத் தனி வண்டியைத் தவிர்க்கலாம். திருமணத்திலும் திருவிழாவிலும் இரவெல்லாம் எரியும் அலங்கார விளக்கைக் குறைக்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தலைச் சுற்றிச் சுழலும் காற்றாலைகள், புகையின்றியும் மின்சாரம் பெறலாம் என்பதை நாள்தோறும் காட்டி நிற்கின்றன. இத்தகைய மின்சாரத்தைப் பெருக்குமாறு வாக்குக் கேட்டு வருவோரிடம் வற்புறுத்துதல், விளக்கை அணைப்பதைவிடப் பன்மடங்கு பயனுள்ள செயல்.

உழவர் குடும்பத்தினருக்கு ஒரு சொல். நீர் எப்போதும் தேங்கி நிற்கும் நெல்வயலிலிருந்து மீத்தேன் எழுகிறது. காற்றில் அது ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளே தங்கும். எனினும் வெப்பத்தைப் பிடிப்பதில் கரியமில வாயுவைவிடப் பலமடங்கு வலியது. வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்தால் மீத்தேன் குறைகிறது, நீரும் மிச்சமாகிறது. நம் முன்னோர் அறிந்திருந்த முறைக்கு இன்று புதுப்பயன் கிடைத்துள்ளது.

வந்துவிட்ட வெப்பத்தை எதிர்கொள்ளவும் ஆயத்தம் வேண்டும். கட்டட வேலை, உப்பளம், வயல் ஆகியவற்றில் ஆள் அமர்த்துவோர், கோடையில் வேலை நேரத்தை விடியற்காலைக்கும் மாலைக்கும் மாற்றி, நிழலும் குடிநீரும் தருதல் நீதியின்பாற்பட்டது. அதனைத் தருமமாகக் கருதலாகாது. நண்பகல் வெயிலில் முதியோரையும் சிறுவரையும் நடத்திச் செல்லும் ஊர்வலங்களின் நேரத்தைப் பங்குப் பேரவைகள் மாற்றியமைக்கலாம். குளங்களையும் வரத்துக்கால்களையும் ஆக்கிரமிப்பின்றிக் காத்தல், கழிமுகங்களில் அலையாத்திக் காடுகளை வெட்டாது விடுதல், கரையோரப் பனைகளைப் பேணுதல் ஆகியன வெள்ளத்தையும் அலையையும் தணிக்கும்.

கடலோரக் குடும்பங்களிடம் தனியே வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. புயல்கள் விரைந்து வலுக்கும் காலம் இது. "வானம் தெளிவாகத்தானே இருக்கிறது" என்று எச்சரிக்கையைத் தள்ளிவிடாதீர்கள். ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் செய்தி பெறும் கருவி பழுதின்றி உள்ளதா என்று பாருங்கள். இன்னார் இன்ன படகில், இன்ன நாளில், இன்ன திசைக்குப் போனார் என்பதைக் கரையில் ஒருவர் எழுதி வையுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒவ்வொரு கடலோரப் பங்கிலும் படகு உரிமையாளரும், இளைஞரும், தாய்மாரும் ஒரு மாலை கூடி அமர்ந்து இக்குறிப்பேட்டைத் தொடங்குவார்களாயின், இம்மாதம் நாம் எழுதியதன் பயன் கிட்டியதாகக் கொள்வோம்.